மனநல வார்டில் நோயாளியின் பக்கம் யாரை நிறுத்துவது?

மனநல சமூகப் பணியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்கள் வார்டில் பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு அக்கா இருந்தார். மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரம் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. "நார் விரல்ல நிக்க மாட்டேங்குதும்மா, வீட்டுக்குப் போய் எப்படி முழம் கட்டுவேன்? இத மாத்தித் தரச் சொல்லு" என்று என்னிடமும் சொன்னார், சிஸ்டரிடமும் சொன்னார். ரவுண்ட்ஸில் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற தம்பி முந்திக்கொண்டார். "இப்ப பரவாயில்ல சார், சத்தம் போடுறதில்ல." கேஸ் ஷீட்டில் 'முன்னேற்றம்' என்று ஏறியது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்று காலைதான் வேறொரு நோயாளிக்காகப் பேசப் போய், "உங்க வேலைய மட்டும் பாருங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அந்த அக்கா வீட்டுக்குப் போன பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து, கைகளைத் துண்டால் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். நடுக்கத்துக்கு வழி இருக்கிறது. மருந்தின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நடுக்கத்தைத் தணிக்கவே மாத்திரை உண்டு. காதில் விழுந்திருந்தால் டாக்டருக்கு அது இரண்டு நிமிட வேலை.

இப்போது நான் ஆலோசனை சொல்லும் ஒரு அறக்கட்டளை, தன் அறுபது படுக்கை மருத்துவமனையில் நோயாளிகளுக்காகப் பேச ஆள் வைக்கப்போகிறது. யாரை வைப்பது, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். அதற்காக யோசித்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் சிறிய மருத்துவமனைகளும் மறுவாழ்வு இல்லங்களும் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

ஆங்கிலத்தில் இவரை 'பேஷன்ட் அட்வகேட்' என்கிறார்கள். நம் ஊரில் அட்வகேட் என்றால் வக்கீல்தான். அந்தச் சொல்லை வார்டில் சொன்னால், யாரோ கேஸ் போட வந்திருக்கிறார்கள் என்று குடும்பத்தார் பயந்துபோவார்கள். அதனால் 'உரிமைத் துணை' என்றே சொல்கிறேன்.

அவருடைய வேலை என்ன?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உரிமைத் துணை என்று ஒரு பதவியை அது உண்டாக்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர் செய்ய வேண்டிய வேலைகள் அதில் நிறைந்து கிடக்கின்றன. நோயாளிக்குத் தன் நோயும் சிகிச்சையும் என்ன என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. தன் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கலாம். போனில் பேசலாம், பார்க்க வருபவரைச் சந்திக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தனக்காக முடிவெடுக்கத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதி யார் என்று அவரே எழுதிக் கொடுக்கலாம். நோய் முற்றும் காலத்தில் எனக்கு இது செய்யுங்கள், இது செய்யாதீர்கள் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். சட்டம் சொல்லும் சில காரணங்கள் இருந்தால் மட்டும் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கப்பட்டவரைப் பற்றி, சேர்க்கைகளையும் புகார்களையும் பரிசீலிக்க இந்தச் சட்டம் வைத்திருக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்களும் சிறார்களும் என்றால் 3 நாளுக்குள்.

இதையெல்லாம் வார்டில் படுத்திருப்பவரிடம் யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்? சேர்க்கும் நாளில் நீட்டும் படிவத்தில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. அந்த நாளில் அதைப் படிக்கிற நிலையில் யார் இருப்பார்கள்?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமைத் துணை, நோயாளிக்கு எது நல்லது என்று முடிவு செய்பவர் இல்லை. அதைச் செய்ய டாக்டர் இருக்கிறார், குடும்பம் இருக்கிறது. இவர் நோயாளி சொல்வதைச் சொல்ல வேண்டியவர். ஒருவர் "சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள்" என்கிறார் என்று வையுங்கள். அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வது டாக்டரின் வேலை. உரிமைத் துணை பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, என்ன செய்தால் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பார். "எல்லாருக்கும் போடுற அண்டாவிலிருந்து என் கண் முன்னால் போடட்டும்" என்று பதில் வரும். சமையற்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம் அது. அந்த நபர் அன்று இரவு சாப்பிடுவார்.

இந்த வேலைக்கு யாரை வைக்கலாம் என்பதற்கு என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

மருத்துவமனையின் ஊழியரே செய்வது

பெரும்பாலான இடங்களில் முதலில் தோன்றுவது இதுதான். சமூகப் பணியாளர் ஏற்கெனவே இருக்கிறார், அவருக்கே இந்தப் பொறுப்பையும் கொடுத்துவிடலாம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவருக்கு வார்டு தெரியும், கேஸ் ஷீட் தெரியும், எந்த டூட்டி டாக்டர் எந்த நேரத்தில் காது கொடுப்பார் என்பதும் தெரியும். வெந்நீர் வரவில்லை, போன் தர மறுக்கிறார்கள், துணி மாற்றித் தரவில்லை, மருத்துவக் குறிப்பின் நகல் வேண்டும் என்பது மாதிரியான குறைகளை அவரால் அரை மணி நேரத்தில் தீர்த்துவைக்க முடியும். சேவைக் குறைபாடு பற்றிய புகார் முதலில் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம்தான் போக வேண்டும், அதற்குப் பிறகே வாரியம், அப்புறம் மாநில மனநல ஆணையம் என்று சட்டமும் வரிசை வைத்திருக்கிறது. ஆக, புகாரை வாங்கிப் பதிந்து பதில் தர உள்ளே ஒருவர் எப்படியும் வேண்டும்.

ஆனால் பூக்கட்டும் அக்காவின் விஷயத்தில் நான் இருந்த இடம் இதுதான். அந்த மருத்துவமனையில் எனக்கு இரட்டை வேலை. குடும்பத்தாரை உட்காரவைத்துச் சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவளும் நான், அந்தச் சேர்க்கையே வேண்டாம் என்று நோயாளி சொன்னால் அவருக்காக வாரியத்துக்கு மனு எழுத வேண்டியவளும் நான். ஒரே ஆள் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று எப்படி நிற்பது? எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், எதைப் பெரிதாக எடுத்துப் பேசுவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று மனம் தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆறு மாதத்தில் வெந்நீருக்கும் துணிக்கும் மட்டும் வாய் திறப்பவளாக மாறியிருந்தேன்.

சட்ட உதவி மையத்தின் வக்கீல்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. சம்பளத்துக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தமே இல்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, மனநல மருத்துவமனையில் காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெறத் தகுதி கொடுத்திருக்கிறது. இந்த உரிமை உண்டு என்று நோயாளியிடம் சொல்லி, தொடர்பு விவரத்தையும் கொடுக்க வேண்டியது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. 15100 என்ற உதவி எண்ணை வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டச் செலவு ஒன்றும் இல்லை. ஒட்டியிருக்கும் இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வக்கீல் எழுதும் ஒரு கடிதத்துக்கு இருக்கும் கனம் வேறு யார் சொல்லுக்கும் இல்லை. ஒருவர் மாதக்கணக்கில் வெளியே விடப்படாமல் இருக்கிறார், சொத்தில் கையெழுத்து வாங்கச் சேர்த்திருக்கிறார்கள், கட்டிப்போட்டார்கள் என்ற நிலை வந்தால் வேறு யாரையும் யோசிக்கவே கூடாது. ஆனால் நோயாளிக்குத் தினமும் தேவைப்படுவது வழக்கு இல்லை. அறுபது பேரில் ஐம்பது பேரின் பேச்சு மருந்தின் பக்கவிளைவு, வீட்டுக்குப் போகும் தேதி, குழந்தையைப் பார்ப்பது, வேலை போய்விடுமோ என்ற பயம் இதற்குள்தான் சுற்றி வரும். அதைக் கேட்க வாரம் இரண்டு மூன்று நாளாவது வார்டில் உட்கார வேண்டும். ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீலுக்கு அதற்கு நேரம் கிடைக்காது. காதில் குரல் கேட்கும் ஒருவரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அவருக்கு யாரும் கற்றுக் கொடுத்ததும் இல்லை. ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் வார்டுப் பயிற்சி கொடுத்துவைத்தால் கொஞ்சம் பயன் உண்டு. ஆக, வக்கீல் பின்பலமாக இருக்கலாம். வார்டில் தினமும் உட்காரும் ஆள் வேறொருவராக இருக்க வேண்டும்.

குடும்பத்தார் சங்கம்

இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. தமிழ்நாட்டில் மனநோயாளிகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் குடும்பத்தார்தான். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பணிகளில் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பெரிய பங்கு உண்டு. ஆஷா போன்ற குடும்பச் சங்கம் இங்கே உருவானதும் அந்தத் தாங்கலால்தான். மாத்திரை வாங்க லீவு போடும் அப்பா, இருபது வருடமாக மகளின் பக்கத்திலேயே படுத்துறங்கும் அம்மா என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு குரல் கட்டாயம் வேண்டும்.

ஆனால் அது வேறு குரல். பூக்கட்டும் அக்காவின் தம்பி கெட்டவர் இல்லை. அக்கா சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்பது அவருடைய தேவை, கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பது அக்காவின் தேவை. பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரே நியமனப் பிரதிநிதியாகவும் இருக்கிறார், சேர்க்கைக்கு விண்ணப்பம் கொடுத்தவரும் அவரே. அந்தச் சேர்க்கையைக் கேள்வி கேட்க இன்னொரு குடும்பத்தாரையே அனுப்பினால், அவருடைய மனம் இயல்பாகவே தன்னைப் போன்றவர் பக்கம் சாயும்.

குடிநோய் சிகிச்சை மையங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளும் சட்டத்தின்படி மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அங்கே பணம் கட்டுபவர் மனைவி அல்லது அண்ணன். நள்ளிரவில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவதும் அவர்கள் சம்மதத்தோடுதான். குடும்பம் பட்ட வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மையங்களில் குடும்பச் சங்கத்திடம் உரிமைத் துணைப் பொறுப்பைக் கொடுத்தால், உள்ளே இருப்பவருக்கு ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

குடும்பமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். தெருவிலிருந்து மீட்கப்பட்டவர்கள், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்களால் மறக்கப்பட்டவர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது, எங்கோ தூரத்தில் இருந்தது. எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் தடை செய்கிறது. ஆனால் ஒரு மூலை அறையில் ஒருவரைக் கட்டிப்போட்டிருப்பதை, வாரத்தில் சில நாளாவது வெளியாள் ஒருவர் நடந்துபோய்ப் பார்க்காமல் யாருக்கும் தெரியவராது.

நோயைக் கடந்து வந்தவர்கள்

நான்காவது வழி, தானே மனநோய் வந்து, சிகிச்சை பெற்று, இப்போது வாழ்க்கையை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வெளி அமைப்பின் மூலம் அனுப்புவது. என் மனம் சாய்வது இங்கேதான். அதனால் இதை மற்றதைவிடக் கடுமையாகவே சோதித்துப் பார்த்தேன்.

முதல் வாரமே தெரிகிற லாபம் ஒன்று உண்டு. "எனக்கும் இந்த மாத்திரையில் கை நடுங்கியது, நான் டாக்டரிடம் இப்படிக் கேட்டேன்" என்று ஒருவர் சொன்னால், கட்டிலில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். நான் எத்தனை வருடம் படித்திருந்தாலும் அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியாது. மனநல சேவைகளில் தரத்தையும் நோயாளிகளின் உரிமையையும் மேம்படுத்த உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய குவாலிட்டி ரைட்ஸ் முயற்சி குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014-க்குப் பிறகு நடந்தபோது, நோய் அனுபவம் உள்ளவர்களைத் துணை ஆட்களாக வைத்ததும் அதில் ஒரு பகுதி. பெரிய அரசு மருத்துவமனையிலேயே இது சாத்தியம் என்று நம் நாட்டிலேயே பார்த்தாகிவிட்டது.

சட்டத்திலும் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரதிநிதியின் விண்ணப்பத்தால் சேர்க்கப்பட்டவர் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வாரியத்திடம் போகலாம். அவர் சம்மதத்தோடு, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் அவருக்காகப் போகலாம். வாரியம் 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது. தனிச் சூழ்நிலைகளில், உள்ளே இருப்பவர் வாய்மொழியாகவோ போனிலோ சொல்வதையே மனுவாக எடுத்துக்கொள்ள வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆக, உரிமைத் துணை ஒரு பதிவு பெற்ற வெளி அமைப்பின் ஆளாக இருந்தால், மருத்துவமனை ஊழியருக்கு இல்லாத ஒரு சட்டப்பூர்வமான கதவு அவருக்குத் திறக்கிறது. என் தராசு சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இனி இதன் சங்கடங்கள். வார்டுக்குள் கேட்கும் அலறல், கட்டிவைப்பதைப் பார்ப்பது எல்லாம் அவருடைய பழைய காயத்தைக் கிளறும். வாரம் ஒரு முறை அவர் பேச ஒரு மூத்த ஆள் வேண்டும், அதுவும் மருத்துவமனைக்கு வெளியே. அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் சம்பளத்தோடு லீவு வேண்டும், திரும்பி வர இடம் வேண்டும். ஒருவரை மட்டும் வைத்தால் இரண்டும் நடக்காது. குறைந்தது இரண்டு பேர், ஒரு ஆண், ஒரு பெண். "நோயாளிகளை மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று தூண்டிவிடுவார்களோ" என்று டாக்டர்களுக்கு உண்மையான பயம் இருக்கிறது. அதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சியிலேயே மருந்து பற்றி அறிவுரை சொல்லக் கூடாது, நோயாளியின் கேள்வியை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது உறுதியாகிவிட வேண்டும். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்பதை, நோயாளியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிறகு சம்பளம். "அவர்களே கஷ்டத்தை அனுபவித்தவர்கள், சேவையாகச் செய்வார்கள்" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் அன்போடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்து ஒருவரை வார்டில் உட்காரவைத்தால், சிஸ்டரிலிருந்து செக்யூரிட்டி வரை யாரும் அவரை மதிக்க மாட்டார்கள். சமூகப் பணியாளருக்குக் கொடுப்பதைக் கொடுக்க வேண்டும்.

அறக்கட்டளைக்கு நான் எழுதிக் கொடுத்தது

உரிமைத் துணையாக, நோய் அனுபவம் உள்ள இருவர். வேலைக்கு வைப்பது ஒரு வெளித் தொண்டு நிறுவனம். பணம் அறக்கட்டளையிடமிருந்து போகட்டும், ஆனால் வருடத் தொகையை முன்கூட்டியே அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், மாதா மாதம் பார்த்துக் கொடுப்பது கூடாது. நெதர்லாந்தில் 1981-லிருந்தே மனநல மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட ஆட்களை அனுப்ப, மருத்துவமனைகளைச் சாராத தனி அமைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டாய சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 2009-லிருந்து சுதந்திரமான உரிமைத் துணை சட்டப்படியே உண்டு. இரண்டு நாடும் வேறு வேறு பாதையில் வந்து, நோயாளிக்காகப் பேசுபவரின் சம்பளச் சீட்டில் மருத்துவமனையின் பெயர் இருக்கக் கூடாது என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொன்னவை இவை. உரிமைத் துணை எந்த நேரத்திலும் முன் அனுமதி இல்லாமல் வார்டுக்குள் வரலாம், தனியறைகளும் அதில் அடக்கம். நோயாளியோடு யாரும் பக்கத்தில் இல்லாமல் பேசலாம். நோயாளி சம்மதித்தால் கேஸ் ஷீட்டைப் பார்க்கலாம். ரவுண்ட்ஸில் நோயாளி கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கலாம். மாத அறிக்கை கண்காணிப்பாளருக்குப் போகாமல் நேராக அறங்காவலர் குழுவுக்குப் போகும். அவரை நீக்கும் அதிகாரம் வெளி நிறுவனத்துக்கு மட்டுமே. கடைசியாகச் சொன்னதற்குத்தான் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

சமூகப் பணியாளர் புகார்ப் பதிவேட்டை வைத்துக்கொள்வார். சின்னக் குறைகள் அவரோடு முடியும். மாதம் ஒரு நாள் சட்டத் தன்னார்வலர் வருவார், பெரிய விஷயத்துக்கு ஆணைக்குழு வக்கீல். குடும்பத்தாருக்கு வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்கென்றே ஒரு கூட்டம், அதில் உரிமைத் துணை கலந்துகொள்ள மாட்டார்.

பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு இந்த ஏற்பாடு தாங்காது. பக்கத்து ஊர்களில் நாலைந்து இடங்கள் சேர்ந்து இருவரைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொரு இடத்துக்கும் வாரம் ஒரு நாள் கிடைத்தாலும் போதும். வெளி அமைப்பே கிடைக்காத மாவட்டத்தில் சட்டத் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுத்துத் தொடங்கலாம். குடிநோய் மையத்துக்கு மட்டும் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன். அங்கே வெளியாள்தான் வேண்டும்.

ஒரு வருடம் கழித்து எதைப் பார்த்து இது வேலை செய்கிறது என்று சொல்வது என்று கேட்டார்கள். புகார்கள் குறைந்ததா என்று பார்க்காதீர்கள் என்றேன். முதல் ஆறு மாதம் புகார் அதிகரிக்க வேண்டும்; இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். எத்தனை பேர் நியமனப் பிரதிநிதியைத் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குத் தங்கள் மாத்திரையின் பெயரும் பக்கவிளைவும் தெரிகிறது, கட்டிவைத்த ஒவ்வொரு முறையும் பதிவாகி 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தகவல் போனதா, மருந்தை மாற்றச் சொல்லி வந்த கோரிக்கைக்கு எத்தனை நாளில் டாக்டரின் பதில் வந்தது. இந்த நான்கையும் எண்ணினால் போதும்.

இரவு நேரத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. கட்டிவைப்பது அதிகம் நடப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். இரண்டே பேரை வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு யாரை அனுப்புவது என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம்.